நான் துடைத்தெடுத்த படலம்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஐந்து பேர். பெற்றது மூன்று, தங்கச்சி விட்டுப்போனது இரண்டு. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டிரஸ்ஸிங் ரூமில் ஆயாவாக நின்றுதான் எல்லோரையும் கரையேற்றினேன். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் புண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். சிவந்திருந்தால் நல்ல சதை. மஞ்சளாய்க் கொழகொழவென்று இருந்தால் அழுகல், துடைத்தெடுக்கணும். புது நர்ஸுகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

கோவிந்தராசு ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயி. சர்க்கரையால் பாதம் மரத்துப்போய், வயலில் முள் ஏறியதுகூடத் தெரியவில்லை. குதிகாலில் புண். காலில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தும் ஐந்து மாதமாக ஆறவில்லை. டாக்டரம்மா கடைசியாக ஒரு படலம் வைத்தார். பிரசவத்தில் கிடைக்கிற பனிக்குடத் தோலைச் சுத்தம் பண்ணி, வெங்காயச் சருகு மாதிரி காயவைத்து வருவது.

"இதுக்கும் ஆறலன்னா காலை எடுக்கற மாதிரி ஆயிடும்" என்று அவரிடமே சொன்னார்.

ஐந்தாம் நாள் சிஸ்டர் என்னிடம், "ஆயா, மேல்கட்டு மட்டும் பிரிச்சு வைங்க. உள்ள இருக்கறதத் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

பிரித்தேன். மஞ்சளாய், கொழகொழவென்று இருந்தது. நேற்று வந்த பிள்ளை எனக்குச் சொல்வதா என்று ஓர் எரிச்சல். சலைனில் பஞ்சை நனைத்து ஒரே இழுப்பு.

"பளிச்சுனு ஆக்கிட்டீங்களேக்கா" என்றார் கோவிந்தராசு.

"பின்ன? உங்க வாய்க்கா மாதிரி தூர்வாராமக் கெடக்கணுமா தம்பி?"

டாக்டரம்மா சிஸ்டரோடு வந்து பார்த்தார். "படலம் எங்க?"

கோவிந்தராசு என் முகத்தைப் பார்த்தார். "நாந்தான் டாக்டர். அரிச்சுது, விரல விட்டு நோண்டிட்டேன்."

"மரத்துப்போன குதிகால் எப்படிங்க அரிக்கும்?"

தன் கால் போகிற நேரத்தில் என் வேலையைக் காப்பாற்றப் பார்த்தார் அந்த மனுஷன். என்னால் தாங்கமுடியவில்லை.

"நாந்தாம்மா. அழுகல்னு நெனச்சு, தெரியாமத் தொடச்சுட்டேன்."

சிஸ்டர் பின்னால் நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. "ஊறின படலம் அப்படித்தான் மஞ்சளா இருக்கும். ஆறுற புண்ணு பாக்க அழகா இருக்காது ஆயா. அதுக்கு அடியிலதான் வேலை நடக்குது."

வேறு படலம் வந்துசேர இரண்டு நாள். அதை வைக்கும்போது டிரேயை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதத்தில் புண் மூடியது. கோவிந்தராசு தன் காலால் நடந்து வந்தார்.

"இப்ப அரிக்குதா தம்பி?"

"இன்னும் இல்லக்கா" என்று சிரித்தார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பழகிய கைதான் அவசரப்படும். கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கவிதா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை முதலிலிருந்து வாசிடி, கேட்கிறேன். அன்று 'தெரியாம' என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன் பார், அது பொய் என்றும் சேர்த்து எழுது. சிஸ்டர் சொல்லிவிட்டுத்தான் போனார்.