தாழிக்குப் பக்கத்தில் ஓர் இடம்

மலைமேல் பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அங்கே கல் சுமந்துகொண்டிருந்த என் அப்பாவுக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. மாட்டுவண்டியில் படுக்கவைத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஊருக்கு இறங்கினோம். கூடலூர் தாண்டி, ஒரு சோளக்காட்டு ஓரத்தில் அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. வண்டிக்காரன் பிணத்தை இறக்கிவைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து ஊருக்கு ஓடினேன். நோய்ப் பிணம், அதிலும் கிறிஸ்தவ வேதக்காரப் பிணம் என்று சொல்லி, சுடுகாட்டுப் பக்கம்கூட வரவிடவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். கேட்டு என்ன பயன்? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் நரி வந்துவிடும். அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் காட்டுக்குச் சொந்தக்காரர் மண்வெட்டியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சோளத்துக்கு நடுவே, பெரிய கற்களை வட்டமாக நட்டிருந்த ஒரு மேட்டைக் காட்டினார். அவர்கள் வீட்டில் யாரும் அதற்குள் ஏர் ஓட்டியதே இல்லையாம்.

“அங்கன பழைய காலத்து ஆளுக படுத்திருக்காக. உங்கப்பாவும் படுக்கட்டும், ஆத்தா.”

“நாங்க வேதக்காரவுக, ஐயா. ஒங்களுக்கு ஊர்ல வம்பு வந்துறப்போகுது,” என்றாள் அம்மா.

“இங்கன இருக்கவுக எந்த வேதம்னு யாருக்குத் தெரியும்?” என்றபடி தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்று எதிலோ பட்டது. சிவப்பாக, அந்தப் பழைய ஆட்களை வைத்துப் புதைத்த ஒரு பெரிய தாழியின் மூடி! நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அவரோ தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “தெரியாமத் தட்டிட்டேன் சாமி, கோவிச்சுக்கிராதீக. கொஞ்சம் தள்ளியே படுக்கச் சொல்றேன்,” என்று தாழியிடம் சொன்னார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அந்தக் குழியை மூடிவிட்டு, சற்றுத் தள்ளி வேறு குழி வெட்டினார். அப்பாவின் தலைப்பக்கத்தை அவரே தூக்கினார். ஒட்டுகிற நோய் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

மறு வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போனோம். மேட்டில் முள்ளெல்லாம் வெட்டிச் சுத்தமாக இருந்தது. அம்மா மடியிலிருந்து இரண்டு மெழுகுவத்தி எடுத்தாள். அப்பாவுக்கு ஒன்று ஏற்றினாள். இன்னொன்று எதற்கு என்றேன்.

“ஒங்கப்பாவுக்குப் பக்கத்துல படுக்க எடம் விட்டாகள்ல, அவுகளுக்கு.”

இப்போது அம்மாவும் இல்லை. வருஷா வருஷம் இரண்டு மெழுகுவத்தியோடு நான்தான் போகிறேன். என் அப்பா அந்நிய மண்ணில் கிடக்கிறார் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.