சிராஜுதீன் போட்ட முப்பத்தேழு கார்டுகள்

1964-இல் செஞ்சியில் யாராவது வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சிராஜுதீனிடம்தான் போக வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டியவர். திரும்பி வந்து பத்து வருஷம் கடலை மண்டி லாரிகளில் இருந்தார். பிறகு ஒரு பழைய ஆஸ்டின் காரை வாங்கி, கடைத்தெருக் கோடியில் 'டிரைவிங் ஸ்கூல்' என்று தகரப் பலகை மாட்டிவிட்டார். லாரி பழக வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மண்டி லாரி கிடைக்கும். காலை வேளையில் சிங்கவரம் ரோட்டில் ஒரு வண்டி குதித்துக் குதித்துப் போனால், கொல்லையில் கடலை பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே பாய் பாடம் எடுக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள்.

அவர் பாடம் எல்லாம் காதால் நடந்தது. இஞ்சின் முனகினால் கியரை இறக்கு, இரைந்தால் ஏற்று. ஏன் என்று கற்க வந்தவர்களும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த வருஷம் கடலூர் மோட்டார் வாகன ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் டிரைவிங் ஸ்கூல் நடத்த அரசாங்க லைசென்ஸ் வேண்டும். பழகும் வண்டியில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க வேண்டும். சாலைக் குறிகளை வரைந்த பலகை, படித்தவர்களின் பெயர்ப் பதிவேடு, உள்ளே தெரியும்படி அறுத்து வைத்த வண்டிப் பாகங்கள் எல்லாம் வேண்டும். மூன்று மாதத்தில் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். வாத்தியாருக்கும் பரீட்சை உண்டு.

இரண்டாவது பிரேக்கையும் பலகையையும் ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். அறுப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. திண்டிவனத்தில் ஒரு பழைய லாரியின் கியர் பெட்டியை வாங்கி, வெல்டிங் பட்டறை விநாயகத்திடம் கொண்டுபோனார். வார்ப்பிரும்பு கேஸ் கட்டிங்குக்கு மசியவில்லை. வரிசையாகத் துளை போட்டு ரம்பத்தால் அறுத்து, நான்காம் நாள் ஒரு பக்கத்தைப் பெயர்த்து எடுத்தார்கள்.

சிராஜுதீன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக உள்ளங்கையில் உணர்ந்து வந்தது இதுதானா? கியர் தண்டைத் தள்ளினால் ஒரு பல்சக்கரம் நகர்ந்து இன்னொன்றைக் கவ்வுகிறது. இழுத்தால் விட்டுவிடுகிறது. மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். கடைத்தெருவில் பாதிப் பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். அவர் மனைவி பக்ருன்னிசா எட்டாவது வரை படித்தவள். பரீட்சைக்காக வாங்கிய தமிழ் மோட்டார் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவது அவள்தான். அவளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாக விசாரித்தாள்.

"இன்னாங்க, நியூட்ரல்ல போட்டா இதுல எது எதைப் புடிக்குது?"

அவர் தண்டை நடுவில் வைத்துக் காட்டினார். எதுவும் எதையும் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்தைச் சுற்றினால் மறுபக்கம் சும்மா கிடந்தது.

"அப்ப இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லியே. சரிவுல வண்டிய எது புடிச்சி வைக்கும்?"

"பிரேக்குதான்."

"பிரேக்கு மட்டுமா?"

சரிவு வந்தால் நியூட்ரலில் விடு, பெட்ரோல் மிச்சமாகும்: மண்டி லாரிகளில் அவர் கற்றதும் அதுதான், ஒன்பது வருஷமாக எல்லோருக்கும் கற்றுக்கொடுத்ததும் அதுதான். அவள் புத்தகத்தைப் புரட்டி, அப்படி இறக்கவே கூடாது என்று அச்சாகியிருந்த வரியைக் கண்டுபிடித்தாள். அவர் அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

மறுநாள் தபாலாபீஸில் ஒரு கட்டு கார்டு வாங்கி வந்தார். யார் யார் படித்தார்கள், இப்போது எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று நினைவிலிருந்து சொல்லச் சொல்ல பக்ருன்னிசா எழுதினாள். முப்பத்தேழு பெயர் தேறியது; அவற்றைப் பதிவேட்டிலும் வரிசையாக ஏற்றினாள். எல்லாவற்றிலும் ஒரே சேதி: 'சரிவில் நியூட்ரலில் விடச் சொன்னது என் தப்பு. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. சந்தேகம் இருந்தால் நேரில் வா, காட்டுகிறேன்.'

மூன்று கார்டுகள் திரும்பி வந்தன. ஒருவன் தனக்கு முன்பே தெரியும் என்று பதில் போட்டான். பலரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜவ்வாது மலையில் மரம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த தனகோட்டி மட்டும் பஸ் ஏறி நேரில் வந்துவிட்டான். போன வருஷம் இறக்கத்தில் பிரேக் புகைந்து நிற்காமல் போய், வண்டியை மலைப் பக்கம் மோதி நிறுத்தியிருக்கிறான். பிரேக்கைப் பழுது பார்த்த மெக்கானிக்கின் தப்பு என்று அன்றிலிருந்து அவனோடு பேச்சுவார்த்தை இல்லை.

சிராஜுதீனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உன்ன நான்தான்டா சாவக் கொடுக்கப் பார்த்துட்டேன்" என்றார்.

தனகோட்டி அதைக் காதில் வாங்கினானோ இல்லையோ, கியர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். எழுந்தபோது, "அந்த மெக்கானிக்க போய்ப் பார்க்கணும் பாய்" என்று மட்டும் சொன்னான்.

சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளி இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் ஜீப்பில் வந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பலகையிலிருந்த குறிகளில் இரண்டுக்கு சிராஜுதீன் தப்பாகப் பொருள் சொன்னார், அதைக் குறித்துக்கொண்டார். பதிவேட்டைத் திறந்தவர், தேதியில்லாமல் வரிசையாக முப்பத்தேழு பெயர் இருப்பதைப் பார்த்து இவர்களெல்லாம் யார் என்று கேட்டார். மழுப்பியிருக்கலாம். சிராஜுதீன் நடந்தது அத்தனையையும் சொன்னார். உள்ளே பக்ருன்னிசா கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் இத புத்தகப் படத்துலதான் பார்த்திருக்கேன் பாய். ரிவர்ஸ் எப்படி விழுதுன்னு காட்டுங்க."

அரை மணி நேரம் இரண்டு பேரும் கிரீஸ் கையோடு அதைத் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கார் பழக்க லைசென்ஸ் அந்த மாதமே தபாலில் வந்தது. லாரிக்குக் கிடைக்கவில்லை. இரவல் லாரியில் இரண்டாவது பிரேக் இல்லை என்பது சரியான காரணம்தான் என்று சிராஜுதீன் ஒத்துக்கொண்டார். மண்டிக்காரரிடம் பேசிப் பேசி அவர் லாரியிலேயே அதைப் பொருத்தச் சம்மதம் வாங்க அடுத்த வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பின் அந்த லைசென்ஸும் வந்தது.

அதற்குள் பள்ளியின் வழக்கம் மாறியிருந்தது. சேர்ந்தவுடன் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. முதல் மூன்று நாள் பெட்டியின் முன்னால்தான். வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் எப்படி வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன என்று பக்ருன்னிசா ஒருநாள் கேட்டுவைக்க, சிராஜுதீன் ஒரு பின்சக்கர அச்சைத் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, அதையும் அறுத்துப் பார்க்க விநாயகத்தின் பட்டறைக்குப் போனார்.