வெளியே நின்ற சக்கரம்

போன வாரம் ராசிபுரத்தில் மழை விட்ட நேரம். கல்யாணத்துக்குக் கிளம்பிச் சாலையோரம் நின்றிருந்த என் வெள்ளை வேட்டியில், ஒரு பிக்கப் வண்டி இடுப்புவரை சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் சக்கரம் கண்ணில் பட்டது. மட்கார்டுக்கு வெளியே நான்கு விரல் அகலம் துருத்திக்கொண்டிருந்தது டயர்.

புது டயரின் வாசனை உங்களுக்குப் பிடிக்குமா? நாமக்கல்லில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்த நாட்களில், என் தயிர்சோற்றில்கூட அந்த வாசனைதான் அடிக்கும். எந்த வண்டிக்கு எந்த அளவு என்று மனப்பாடமாகச் சொல்வேன். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவனுக்கு எவ்வளவு தலைக்கனம் பாருங்கள்!

வெண்ணந்தூர் தங்கராசு என் பள்ளிக்கூடச் சேக்காளி. மரவள்ளிக் கிழங்கு ஏற்ற ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தான். ஒருநாள் மனைவி சுமதியோடு கடைக்கு வந்தான்.

"வண்டி சும்மா கும்முனு நிக்கோணும் மாப்ள. அகலமாப் போட்டு உடு."

அவன் கைகாட்டிய ரிம்மில் ஆஃப்செட் வேறு. அதாவது, ரிம் வண்டியோடு சேரும் இடம் மிகவும் உள்தள்ளி இருக்கும். அதனால் சக்கரம் வெளியே வந்து நிற்கும். பார்க்க மிடுக்குதான். ஆனால் பாரம் முழுக்க பேரிங்கைப் போட்டு நெம்பும். சுமை வண்டிக்கு ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லத்தான் இருந்தேன். அதற்குள், கடையில் நின்ற நாலு பேரிடம் அவன், "எங்க மாப்ள சொன்னா அளவு தப்பாதுங்க" என்றான். அந்தப் பெருமையில் 'வேண்டாம்' என்ற சொல் எங்கோ போய்விட்டது.

சுமதிதான் குனிந்து பார்த்தாள். அண்ணன் தம்பி இல்லாதவள். என்னைத்தான் அண்ணன் என்பாள்.

"ஏனுங்ணா, சக்கரம் இப்பிடி வெளிய நிக்குதே, ஒண்ணும் ஆவாதுங்களா?"

"ஒண்ணும் ஆவாது தங்கச்சி. நானாச்சு."

சொல்லிவிட்டு நானே நட்டுகளை முறுக்கினேன்.

ஏழெட்டு மாதம் ஓடியது. ஜேடர்பாளையம் பக்கம் கிழங்கு ஏற்றிக்கொண்டு வரும்போது, வாய்க்கால் வளைவில் முன்பக்க பேரிங் நொறுங்கி இடது சக்கரம் கழன்று ஓடிவிட்டது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சுமதி. அவளுடைய இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு என் முதலாளியும் வந்தார். கட்டிலருகே நின்று, "அந்த ரிம்ம மாட்டச் சொன்னது யாருப்பா?" என்று கேட்டார்.

தங்கராசு என்னைப் பார்க்கவில்லை. "இவன் வேண்டான்னுதானுங்க சொன்னான். நாந்தான் கேக்கல."

என் வேலை போய்விடக் கூடாது என்று சொன்ன பொய் அது. 'இல்லைங்க, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னது நான்தான்' என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதலாளி அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார். "ஆகாதுன்னா ஆகாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ற ஆளு" என்று வண்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். இன்று எனக்குச் சொந்தக் கடை. அந்தப் பெயரில்தான் நடக்கிறது.

தங்கராசு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டான் என்றார்கள். வெண்ணந்தூரில் ஒருமுறை விசாரித்தேன். அவர்கள் இருந்த வீட்டையே இடித்துவிட்டிருந்தார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பழைய கடையும் போய், அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள்.

தங்கச்சி என்று கூப்பிட எனக்கு ஒருத்தி இருந்தாள். இப்போது இல்லை.