நாய்க்கும் தீபாவளி

தீபாவளிக் காலை. நேபாளிகளைப் பற்றி நான் எழுதும் சிறுகதையில் காவலாளியின் மனைவி மலையை நினைத்து அழுகிறாள். இங்கே, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், நேபாளக் காவலாளியின் மனைவி மாயா தெருநாய்க்குச் சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்து, இட்லியைக் கறிக்குழம்பில் பிசைந்து ஊட்டுகிறாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எதிரே டீக்கடைக்காரர் சரவெடியை விரித்துவிட்டுச் சும்மா நிற்கிறார். ஏன் என்று கேட்கிறேன்.

“இன்னிக்கு அவங்க ஊர்ல நாய்க்குத்தான் சார் பண்டிக. அது துன்னு முடிக்கட்டும், அப்பால கொளுத்திக்கலாம்.”

மாயா நாயைக் காவலாளி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறாள், ஓடி வருகிறாள்.

“ஊதுவத்திய குடுண்ணா. போன தபாவும் நீயே கொளுத்திட்ட.”

சரவெடி படபடக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என் கதையில் இருப்பவள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். அவள் கையிலும் ஓர் ஊதுவத்தியைக் கொடுக்க வேண்டும்.