பேஷண்ட் பேசக் கூடாது

அந்த முதலுதவிப் பயிற்சியில் என்னை நோயாளியாக நடிக்கச் சொன்னதற்கு ஒரே காரணம், நான் ஒல்லி. தூக்குவதற்குச் சுலபம். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபாக்டரியின் ஆபீஸில் அப்போது வேலை பார்த்தேன். ஜெகதளாவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

கோயமுத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர் நன்றாகத்தான் பேசினார். விபத்து நடந்தால் ஓடிப்போய் விழாதீர்கள், முதலில் நில்லுங்கள், ஒரு மூச்சை முழுசாகக் கவனியுங்கள், பிறகு சுற்றிலும் பாருங்கள் என்றார். எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, அறைக்குள் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒருத்தர் ஈரத்தரை என்றார். இன்னொருத்தர் தொங்கும் ஒயர் என்றார். ரோலர் மெஷின் ஓட்டுகிறவர், பயிற்சியாளரின் ஷூ கயிறு அவிழ்ந்து கிடப்பதைக்கூடச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது.

டீ குடித்த பிறகு ஒத்திகை. இலை வாட்டும் மாடியிலிருந்து விழுந்து மயங்கிக் கிடக்கும் பெண் நான். நெற்றியில் சிவப்புச் சாயம் பூசினார்கள். சிமெண்ட் தரையில் படுத்ததும் சில்லிப்பு முதுகில் ஏறியது. காலையில் சொன்னதைச் செய்து பார்த்தேன். என் மூச்சு. பச்சை இலை வாடும் வாசனை. யாரோ இருமும் சத்தம்.

நான்கு பேர் வந்து மண்டியிட்டார்கள். நான்கு பேரும் ஆண்கள். ஒருவர் எங்கள் சூப்பர்வைசர். ஐம்பது வயதைத் தாண்டியவர். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே என்னைத் தூக்கியபோது விலாவுக்கு அடியில் இருந்த ஒரு கை மேலே ஏறியது. தெரியாமல் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்ட்ரெச்சரில் வைத்த பிறகும் கை அங்கேயே இருந்தது. விரல்கள் அழுத்தின. வெற்றிலையும் புகையிலையும் கலந்த மூச்சு முகத்தில் அடித்தது. யாரோ எச்சிலை வழித்து என்மேல் தடவியதுபோல் இருந்தது.

அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். சூப்பர்வைசரின் கை.

"கைய எதுக்குங்க அங்க வெச்சிருக்கீங்க?"

அவர் சிரித்தார். "ஏன் அம்மிணி, தூக்க வேண்டாமா?"

பயிற்சியாளர் கை தட்டினார். "மேடம், பேஷண்ட் பேசக் கூடாது. நீங்க மயக்கத்துல இருக்கீங்க. படுங்க, மறுபடியும் செய்வோம்."

"இவரு கை எங்க இருந்துச்சுன்னு யாருமே பாக்கலீங்களா?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டேன்.

ஷூ கயிறுவரை பார்த்த அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருத்தர் போனை எடுத்து நோண்டினார். பயிற்சியாளர் என் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "டென்ஷன் ஆகாதீங்க மேடம். மூச்சக் கவனிங்க. மனசுல வர்றது வந்துட்டுப் போகட்டும், விட்டுருங்க."

அந்தக் கையைவிட இந்தக் குரல்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது. காலையில் எனக்குப் பிடித்துப்போன அதே வார்த்தைகளை உருட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறார்.

அப்போது தூள் சலிக்கும் சல்லடை ரூமில் வேலை செய்யும் அக்கா முன்னால் வந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கூட்டத்தில் வாயே திறக்காதவர். "நான் பாத்தேன்" என்றார். "கீழ வெச்ச பொறகும் அந்தாளு கைய எடுக்கல."

"பொம்பளைங்கள இதுல சேர்த்தாலே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் வெளியே நடந்தார். பயிற்சி அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் குளித்தேன். சோப்புப் போட்ட இடத்திலேயே மறுபடியும் போட்டேன். சாயம் போய்விட்டது. புகையிலை வாசனை போகவில்லை. நடந்ததைச் சொன்னதும் கணவர், "தூக்கறப்ப அப்படி இப்படிப் படத்தான் செய்யும், விடு" என்றார்.

"பட்டிருந்தா எடுத்திருப்பாருங்க. எடுக்கலீங்க."

அவர் டிவியைப் போட்டார். எனக்கு அவரோடு உட்கார்ந்து சாப்பிடவும் பிடிக்கவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். அக்காவும் கையெழுத்துப் போட்டார். விசாரித்தார்கள். "நல்ல மனுசனாச்சே, வயசானவராச்சே" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னார்கள். கடைசியில் அவரைக் கூடலூர்ப் பக்கம் இருந்த எங்கள் கம்பெனியின் இன்னொரு ஃபாக்டரிக்கு மாற்றினார்கள். அதே வேலை, அதே சம்பளம். தண்டனை என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

அவர் போகிற அன்று வழியனுப்பு விழா வைத்தார்கள். கேக், வடை, சால்வை. ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் பூங்கொத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "நீங்க குடுத்தீங்கன்னா எல்லாம் சுமுகமா முடிஞ்ச மாதிரி இருக்கும்" என்றார் மேனேஜர். முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

"நீங்களே குடுத்துக்குங்க சார்" என்றேன். அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்போது உள்ளே கை தட்டுகிற சத்தம் கேட்டது. சல்லடை ரூம் அக்காவும் போகவில்லையாம். மறுநாள்தான் சொன்னார்.

கூடலூர் ஃபாக்டரியிலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். இங்கே என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள்.