டூப்பு என்று சொன்னது நான்தான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எழுதினால் என் தங்கை மரகதம் படிப்பாளே என்கிற பயம்தான். போன வாரம் என் மகள் பாண்டி பஜாரில் ஒரு கைப்பை வாங்கி வந்து, "டூப்புப்பா! ஒரிஜினல் மாதிரியே இருக்கு பாரு" என்று பெருமையாகக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டேன். செல்போனைத் தடவிப் பார்த்துச் சொன்னாள். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டலாத்திப் பறவையை மக்கு என்று நினைத்தார்களாம். அதன் பேரிலிருந்து வந்த வார்த்தையாம். இங்கிலீஷில் டூப் என்றால் ஏமாற்றுகிறவன் இல்லையாம், ஏமாந்தவனாம்!

அட ஈஸ்வரா, இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா? எட்டாவதோடு படிப்பை விட்டு, திருநெல்வேலியிலிருந்து வந்து, தி.நகரில் ஜவுளி கிழித்துக்கொண்டிருந்தவனுக்கு எங்கே தெரியும்! டூப் விடுகிறான் என்றால் புளுகுகிறான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மரகதத்துக்கு ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெயர் தனபால். சினிமாவில் வேலை என்றார்கள். பார்த்துவிட்டுப் போனதிலிருந்து மரகதம் பாத்திரம் தேய்க்கும்போதுகூட முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். விசாரித்து வர அப்பா என்னை அனுப்பினார். தனபாலின் தெரு டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "தன்பாலா? டூப்பாச்சே நைனா அவரு! ஏரியா பூரா தெரியும். குந்து, டீ குட்ச்சிக்கினே பேசலாம்" என்றார். உட்கார்ந்தேனா? நான்தான் பெரிய துப்பறிகிறவன் ஆயிற்றே! பஸ் பிடித்து ஓடிவந்து, "ஆளு டூப்பாம்ப்பா" என்றேன்.

"ஏலே, அப்போ சினிமா வேலைன்னு சொன்னதே டூப்பா?" என்று அப்பா குதித்தார்.

மரகதம் மட்டும், "அண்ணே, எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு கேட்டியா?" என்றாள்.

"இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

என் வாயிலிருந்து போன டூப்பு எங்கள் மயிலாப்பூர் சந்து முனையில் ஃபிராடு ஆயிற்று. மாம்பலம் போய்ச் சேர்வதற்குள், ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்றே ஆகிவிட்டது. அவருக்கு வந்த இன்னும் இரண்டு சம்பந்தங்கள் அதனாலேயே தட்டிப்போயின.

மரகதத்தைத் திருச்சியில் கட்டிக்கொடுத்த பிறகு ஒருநாள், பனகல் பூங்கா பக்கம் ஷூட்டிங். கதாநாயகன் போட்டிருந்த அதே சட்டையில் ஒருவர் மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகள் மேல் குதித்தார். "டூப்புடா மச்சி, டூப்பு!" என்று கூட்டம் கத்தியது. முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து வந்தவர் தனபால். கதாநாயகனுக்குப் பதிலாக விழுகிறவருக்கும் டூப் என்றுதான் பெயராம்! என் மகள் சொன்ன இங்கிலீஷ் அர்த்தப்படி பார்த்தால், அந்தப் பட்டம் எங்கள் வீட்டுக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?

என்னைப் பார்த்ததும், "தங்கச்சி நல்லா கீறாங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். மன்னிப்புக் கேட்காமலே கடைப் பக்கம் நடந்துவிட்டேன். கற்பகாம்பாள் சன்னதியில் எத்தனை தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டும் மனசு ஆறவில்லை.

அந்த டீக்கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. விழுகிற வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாம். கல்யாணம் ஆகாமலே தனபாலும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் அவர் பேச்சு வந்தால், "அந்த ஃபிராடா?" என்கிறார்கள்.

ஆகவே, படிக்கிறவர்கள் நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். தனபால் சினிமாவில் டூப் போட்டவர். அந்தப் 'போட்டவர்' என்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.