எரு ரசீதில் பிடிபட்ட மீன்கள்

அறுபதுகளின் நடுவில், திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற பக்கம் ஒரு கிராமத்து விவசாய டிப்போவில் நான் கிளார்க். விதை, எரு, பூச்சி மருந்து மூன்றும் என் பொறுப்பு. பிறந்தது வல்லத்துக்கு அருகே, எறும்பை மிதித்துவிட்டால் அன்று முழுக்க வருத்தப்படும் சமணக் குடும்பத்தில். அந்த வீட்டுப் பிள்ளையை என்ட்ரின் என்ற பூச்சி விஷம் விற்க உட்கார்த்தி வைத்ததில் சர்க்காருக்கு உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. சர்க்காருக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

மருந்தடிக்கும் தெளிப்பான்களை விவசாயிகள் டிப்போவிலிருந்து எடுத்துப்போகலாம். திருப்பித் தரும்போது கழுவித் தர வேண்டும். அது விதி. விதி என்றால் எனக்கு உயிர். குழாயில் துளி பிசுக்கு இருந்தாலும் வாங்க மாட்டேன். டிப்போ ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. நான் விரட்டியவர்கள் எங்கே போய்க் கழுவினார்கள் என்று விதி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாதிப் பேருக்கு எங்கள் வாட்ச்மேனே ஒரு கட்டு பீடிக்குக் கழுவிக் கொடுத்துவிடுவார்.

மாசி கடைசியில் ஏரித் தண்ணீர் மதகடிப் பள்ளத்துக்குச் சுருங்கியது. ஒரு நாள் காலை நான் போனபோது பள்ளம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஊரே கூடையோடு இறங்கியிருந்தது. தூண்டில் இல்லை, வலை இல்லை. எல்லோருக்கும் மகா சந்தோஷம்.

கரையில் நின்று, இது தெளிப்பான் கழுவிய விஷம், தின்னாதீர்கள் என்று கத்தினேன். முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“உயிரோட கீற மீனுக்குப் பாவம் பாக்கறீங்க, சரி. செத்ததுக்குமா நயினாரே?”

எங்கள் ஆட்களை அந்தப் பக்கம் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் சிரித்தது. ஒரு பெரியவர், அதே மருந்தைத்தான் தன் வயலுக்கும் அடித்ததாகவும் நெல் நன்றாகவே இருப்பதாகவும் சொன்னார். எங்கள் துண்டறிக்கையில் இதற்குப் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினேன். டிப்போவிலிருந்து எரு ரசீதுப் புத்தகத்தை எடுத்துவந்து, கரையில் உட்கார்ந்து, கார்பன் தாளைச் செருகினேன். செத்த மீன் சர்க்கார் சொத்து, மகஜர் எழுதப்போகிறேன், கையில் மீன் வைத்திருப்பவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், திண்டிவனம் கோர்ட்டுக்கு எத்தனை வாய்தா வந்தாலும் வர வேண்டும் என்று அறிவித்தேன். விஷத்துக்குப் பயப்படாதவர்கள் வாய்தாவுக்குப் பயந்தார்கள். கூடைகள் கவிழ்ந்தன, கொஞ்ச நேரத்தில் கரையில் நானும் மீனும் மட்டும்.

அப்போதுதான் வாட்ச்மேனைக் காணோம் என்று உறைத்தது. வழியில் வந்த ஒரு பையனைக் கேட்டேன். அவர் விடியலிலேயே பெரிய விராலாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். சைக்கிளை மிதித்தேன்.

அவர் வீட்டில் குழம்பு இறங்கியிருந்தது. கேப்பைக் களி உருண்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கையில் அகப்பை. அதைத் தின்ன வேண்டாம் என்றேன். ரசீதுப் புத்தகத்தையும் நீட்டினேன்.

“அது எரு ரசீது நயினாரே. நாந்தானே கட்டு பிரிச்சி அடுக்கினேன்.” கையை விரித்துக் காட்டினார். “தெனமும் கழுவுற கையி இது. இதுக்கு இன்னா ஆயிடிச்சி?”

அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். “அப்படின்னா எனக்கும் ஊத்தும்மா. முதல்ல நான் திங்கறேன்.”

அவள் கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் களிச் சட்டியிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, குழி பறித்துத் தயாராக நீட்டினேன். ஊற்றியிருந்தால் தின்றிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“ஒரு நயினாருக்குக் கவுச்சி போட்ட பாவம் என் புள்ளைங்களுக்கு வாணாம் சாமி,” என்றாள். சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குப்பைக்குழியில் குழம்பு விழுந்த சத்தமும் மண்ணை இழுத்து மூடுகிற சத்தமும் கேட்டன. அன்றைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையலைத் தொட்டுக்கொண்டு மூன்று பேரும் களி தின்றோம்.

நடந்ததை மேலதிகாரிகளுக்கு எழுதினேன். மீன் டிப்போ இருப்பில் சேராத பொருள், ஆகவே இனி அதுபற்றி எழுத வேண்டியதில்லை, தெளிப்பான்கள் கழுவித்தான் வாங்கப்பட வேண்டும் என்று பதில் வந்தது.

ஊரில் மட்டும் கதை வேறு மாதிரி சுற்றியது: டிப்போ நயினார் வாட்ச்மேன் வீட்டுக்குப் போய் விரால் குழம்பு கேட்டு உட்கார்ந்தார், அந்த மகராசி மறுத்துவிட்டாள். அடுத்த மாதம் நான் லீவில் வல்லத்துக்குப் போவதற்குள் அது அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா எனக்கு மட்டும், வீட்டுப் பாத்திரங்களோடு சேராமல், தனித் தட்டு வைத்திருந்தாள்.